என் பேரில் ஒரு சட்டம்

காற்று மிஞ்சும் நாட்களில்
எங்கள் ஊர்த் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்துக்கொண்டுதான்
நீதிமன்றம் வந்து சேர்ந்தேன்.
என்னை யாரும் கூப்பிடவில்லை.
வழக்கு மேயருடையது.
சட்டம் மட்டும் என்னுடைய பேரில்:
யாஸ்னா சட்டம்.

மூன்று வருடம் முன்பு
என் படத்தை ஒட்டி, என் பேரை எழுதி,
வேலை விட்டு நான் வீடு திரும்பும் நேரம் வரை
பிசகாமல் போட்டு
யாரோ ஒருவன் நானாக இருந்தான்.
யாரோ என்ன யாரோ. எவாரிஸ்டோ.
என்னைவிட நன்றாகவே இருந்தான் நானாக:
பிழையில்லாத எழுத்து, எல்லோருக்கும் பதில்,
இரவு ஒரு மணிக்கும் சிரிப்பு.

நண்டுத் தொழிற்சாலையின் வாடையோடு
நான் வந்து பார்த்தால்
வாசலில் ஒருவன், கையில் ஒயின் புட்டி,
"நீதானே வரச் சொன்னாய்?"
இப்படி ஏழு பேர்.
எட்டாமவன் கேட்கவில்லை, கதவை உடைத்தான்.

"உங்கள் கணக்கை மூடிவிடலாமே" என்றது காவல் நிலையம்.
மூடினேன்.
நான் போய்விட்டேன். அவள் இருந்தாள்
இன்னும் பதினான்கு மாதம்.

அப்புறம் ஊர்வலம், மெழுகுவத்தி,
ஒரு செனட்டர் என் கையைக் குலுக்கியபடி
கேமராவைப் பார்த்தார்.
குழுவின் நீண்ட மேசையில் ஒன்பது ஆண்கள்.
"அப்போது உங்களுக்கு என்னவாக இருந்தது?"
அந்த முகங்களுக்கு முன்னால்
சொல்ல முடிந்த ஒரே சொல்லைச் சொன்னேன்:
சங்கடம்.
குறித்துக்கொண்டார்கள்.

அது இப்போது நான்காம் பிரிவில் இருக்கிறது.
"பிறர் பேரில் பேசி அவருக்குச்
சங்கடம் விளைவிப்போர்."

கூண்டில் நிற்பவன் ரெமிஹியோ,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
மேயர் பேரில் எழுதினான்:
"குழாயில் பழுப்பாக வருவது கோளாறல்ல,
என் தேநீர்த் திட்டம்.
சர்க்கரை அடுத்த பட்ஜெட்டில்."
ஊரே சிரித்தது. ஒருவரும் ஏமாறவில்லை.
கடைசியாக ஒன்று எழுதினான், நகைச்சுவை இல்லாமல்:
"தண்ணீர் விஷயத்தில் தப்பு என்னுடையது.
மன்னித்துவிடுங்கள். இப்படிக்கு, மேயர்."

இரண்டே நாளில் வந்துவிட்டது போலீஸ்.
கணினி, மகளின் டேப்லெட்,
பேருந்தில் இருந்த ரேடியோ வரை
மூட்டை கட்டிப் போனது.

"யாராவது நம்பினார்களா?" நீதிபதி கேட்டார்.
"நாலு பேர். நன்றி சொல்லத் தொலைபேசியில் அழைத்தார்கள்.
ஒருவர் அழுதுவிட்டார்."
"உங்களுக்கு என்ன நஷ்டம்?"
மேயர் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.
"நான் மன்னிப்புக் கேட்டதாக ஆகிவிட்டது, ஐயா.
சங்கடம்."

கூடம் சிரித்தது.
நீதிபதிக்குச் சரியாக அந்நேரம் இருமல் வந்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் வாயிலிருந்து போன சொல்
இன்னொருவர் வாயில்
எத்தனை சொகுசாக உட்கார்ந்திருக்கிறது!

அரசு வக்கீல் எழுந்தார்.
யாஸ்னா இதைப் பொறுக்கமாட்டாள் என்றார்.
யாஸ்னா கேட்பதெல்லாம் தண்டனை என்றார்.
யாஸ்னா, யாஸ்னா என்று
அவர் பேசப் பேச
மூன்றாம் வரிசையில் ஈரக் கோட்டோடு நான்
பழைய வாசலில் நின்றேன்.
நான் வரச் சொல்லாத யாரோ
வந்து நிற்கிறார்கள், என் பேரைச் சொல்லி.

எவாரிஸ்டோவின் வழக்கு மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.
அதற்கு இந்தச் சட்டம் எனக்கு வேண்டும்.
கிழித்துப் போடுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.
அந்த ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுங்கள்.
அதற்குப் பதில் சொல்ல
அன்று வாய்வராத சொற்கள் இருக்கின்றன,
இன்று சொல்வேன்.

கையைத் தூக்கினேன்.
சேவகன் வந்து குனிந்தான்.
"நீங்கள் யார், அம்மா?"
"யாஸ்னா."
"எந்த யாஸ்னா?"
"அந்த."

அடையாள அட்டை கேட்டான்.
கொடுத்தேன்.
படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மறுபடி படத்தை.